தொலைவும் பயண நேரமும் (ஜவ்வாது மலை)

இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தொலைவும், அத்தொலைவைக் கடக்க ஆகும் நேரமும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை எனினும் வெவ்வேறு அளவுகள் ஆகும். தொலைவானது வான்வழித் தொலைவு, வழித்தொலைவு என இரு வகையாகக் கூறப்படுகிறது. வான்வழித் தொலைவு என்பது புவியின் பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் ஆகும். வழித்தொலைவு என்பது சாலை, தொடர்வண்டிப் பாதை, ஒற்றையடிப் பாதை ஆகியவற்றின் வழியாக உண்மையில் கடக்க வேண்டிய நீளம் ஆகும். சமவெளியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சிறியது. மலைப்பகுதிகளில் அது பெரிது. பயண நேரத்தில் உள்ள வேறுபாடு அதனினும் பெரிது. தமிழ்நாட்டின் வடபகுதியில் உள்ள ஜவ்வாது மலை இதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

அமைவிடம்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகும். இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. 2019 ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது மலையின் மேற்குப் பகுதி புதிதாக அமைந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. மலையின் உயர்ந்த முகடுகள் 1,100 மீட்டருக்கும் மேற்பட்டவை. செய்யாறு, அகரம் ஆறு ஆகியவற்றின் பள்ளத்தாக்குகள் இம்மலைத்தொகுதியைக் கிழக்கு, மேற்கு என இரு கூறுகளாகப் பிரிக்கின்றன.

மலைமீது வாழும் மக்களுள் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர் ஆவர். மலையை ஆள்பவர் அல்லது மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரள மக்களைக் குறிக்கும் மலையாளி என்னும் பெயருக்கும் தொடர்பில்லை. இம்மக்கள் சிறு சிறு ஊர்களாகப் பிரிந்து, காட்டாலும் பள்ளத்தாக்குகளாலும் சூழப்பட்ட இடங்களில் வாழ்கின்றனர். திருவண்ணாமலை மாவட்டப் பகுதியில் ஜமுனாமரத்தூர் முதன்மையான ஊராகும். திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியனவும், வேலூர் மாவட்டப் பகுதியில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகியனவும் மலை ஊராட்சிகள் ஆகும்.

வான்வழித் தொலைவு

புவி ஏறத்தாழ ஒரு கோளம் ஆதலால், அதன் பரப்பில் உள்ள இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி நேர்கோடாக இராமல் ஒரு வட்ட வில்லாக இருக்கும். புவியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டம் பெருவட்டம் எனப்படும். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம் ஆகும். இரண்டு நகரங்களின் வழியாகச் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லே அவற்றுக்கு இடையிலான வான்வழித் தொலைவு ஆகும். நெடுந்தொலைவு விமானங்கள் இயன்றவரை இவ்வில்லை ஒட்டியே பறக்கின்றன. தட்டையான நிலப்படத்தில் அவ்வழி வளைந்து தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

கணக்கிடும் முறை

குறுகிய தொலைவுகளை அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றைக் கொண்டு எளிதாகக் கணக்கிடலாம். அகலாங்கில் ஒரு பாகை என்பது எங்கும் ஏறத்தாழ 111 கி.மீ. ஆகும். நெட்டாங்கில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. ஆகவும், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் வரும். ஜவ்வாது மலை அமைந்துள்ள அகலாங்கில் அது ஏறத்தாழ 108 கி.மீ. ஆகும்.

எடுத்துக்காட்டாக, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் 12.58 பாகை வட அகலாங்கிலும் 78.83 பாகை கிழக்கு நெட்டாங்கிலும் உள்ளது. சென்னை 13.08 பாகை வடக்கிலும் 80.27 பாகை கிழக்கிலும் உள்ளது. கணக்கீடு பின்வருமாறு:

- அகலாங்கு வேறுபாடு 0.50 பாகை, அதாவது வடக்கு–தெற்காக ஏறத்தாழ 56 கி.மீ.
- நெட்டாங்கு வேறுபாடு 1.44 பாகை, அதாவது கிழக்கு–மேற்காக ஏறத்தாழ 156 கி.மீ.
- இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், அதன் கர்ணம் ஏறத்தாழ 166 கி.மீ.

இதே முறையில் காவலூருக்கும் பெங்களூருக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 141 கி.மீ. எனக் கிடைக்கிறது. காவலூர் சென்னையிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவிலும் பெங்களூரிலிருந்து 175 கி.மீ. தொலைவிலும் உள்ளதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. இரண்டு வகை எண்களும் பிழையானவை அல்ல. முன்னவை வானில் அளந்தவை; பின்னவை பயணம் செய்பவருக்கு உரியவை.

பல நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுகளுக்கு இந்த எளிய முறை பொருந்தாது. அவற்றுக்குக் கோள முக்கோணவியல் வாய்பாடுகள் பயன்படுத்தப்படுகின்றன.

விமானப் பயண நேரம்

தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். விமானப் பயணத்துக்கு இது முழுமையாகப் பொருந்துவதில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 290 கி.மீ. ஆகும். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் இதனை 22 நிமிடங்களில் கடக்க வேண்டும். ஆயினும் கால அட்டவணையில் இப்பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. ஓடுபாதையை அடைதல், மேலே ஏறுதல், கீழே இறங்குதல், தரையிறங்க முறை காத்திருத்தல் ஆகியவற்றுக்கு ஆகும் நேரம் இதில் அடங்கும்.

தொலைவு கூடும்போது இந்தக் கூடுதல் நேரத்தின் பங்கு குறைகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கி.மீ. தொலைவில் உள்ளது. தொலைவு பத்து மடங்காக இருந்தும் பயண நேரம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே ஆகும். நெடும்பயணங்களில் காற்றின் திசையும் நேரத்தை மாற்றும். மேல்வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றோட்டங்கள் இருப்பதால், இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் பயணம் திரும்பி வரும் பயணத்தை விடப் பொதுவாக நீண்டதாக உள்ளது.

மலைவழித் தொலைவு

ஜவ்வாது மலையில் வான்வழித் தொலைவும் வழித்தொலைவும் வேறுபடுவதற்கு முதன்மையான காரணம் சாலையின் சரிவு ஆகும். ஊர்திகள் ஏறக்கூடிய சரிவுக்கு ஓர் எல்லை உண்டு. இந்திய சாலைப் பேரவையின் நெறிகளின்படி, மலைச்சாலைகளில் பொதுவாகப் பின்பற்றப்படும் சரிவு 20-க்கு 1 ஆகும். அதாவது 20 மீட்டர் நீளச் சாலை 1 மீட்டர் உயரும். இவ்வளவில், அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரம் ஏற 12 கி.மீ. நீளமுள்ள சாலை தேவை. அடிவாரமும் உச்சியும் வான்வழியில் 3 கி.மீ. இடைவெளியில் இருந்தாலும் சாலையின் நீளம் 12 கி.மீ. ஆகவே இருக்கும். இந்த நீளத்தை மலைச்சரிவில் அடக்குவதற்காகவே கொண்டை ஊசி வளைவுகள் அமைக்கப்படுகின்றன.

இரண்டாவது காரணம் பள்ளத்தாக்குகள் ஆகும். எதிரெதிர் முகடுகளில் அமைந்த இரண்டு ஊர்களில் ஒன்றின் விளக்கு மற்றொன்றுக்குத் தெரியலாம். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, பள்ளத்தில் இறங்கி ஓடையைக் கடந்து மீண்டும் ஏற வேண்டும். மழைக்காலத்தில் ஓடையில் நீர் பெருகினால் அவ்வழியும் அடைபடும். அப்போது வழித்தொலைவு மாறாமலேயே பயண நேரம் பல மடங்காகிறது.

மலைக்குச் செல்லும் முதன்மையான சாலைகள் கிழக்கே போளூரிலிருந்தும், மேற்கே ஆலங்காயத்திலிருந்தும், வடக்கே அமிர்தி வழியாகவும் செல்கின்றன. ஜமுனாமரத்தூருக்கும் போளூருக்கும் இடையிலான வான்வழித் தொலைவு 30 கி.மீ.க்கு உட்பட்டது, சாலைவழித் தொலைவு 40 கி.மீ.க்கு மேற்பட்டது. மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை வான்வழியில் ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில் உள்ளது. போளூர் வழியாகச் சாலையில் சென்றால் இது 70 கி.மீ.க்கு மேலாகிறது. மலைச்சாலையில் பேருந்து மெதுவாகவே செல்லும் என்பதால், மாவட்ட அலுவலகத்தில் ஒரு வேலையை முடித்துத் திரும்ப ஒரு முழு நாள் தேவைப்படலாம்.

நடைவழி நேரம்

ஊர்திச் சாலை சென்று சேராத ஊர்களில் பயண நேரம் நடையால் அளக்கப்படுகிறது. மலைநடையின் நேரத்தைக் கணிக்க, 1892 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதியை வகுத்தார். இது நெய்ஸ்மித் விதி எனப்படும். இதன்படி, ஒவ்வொரு 5 கி.மீ. தொலைவுக்கும் ஒரு மணி நேரமும், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கொள்ள வேண்டும். 10 கி.மீ. நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதையைக் கடக்க 3 மணி நேரம் ஆகும்.

இவ்விதி உடல்நலமுள்ள, சுமையற்ற ஒருவர் நல்ல பாதையில் பகலில் நடப்பதைக் கருத்தில் கொண்டது. நோயாளியைத் துணியிலும் மூங்கிலிலும் கட்டிய டோலியில் சுமந்து செல்வோருக்கு இதனினும் மிகுதியான நேரம் ஆகும். இரவும் மழையும் அதனை மேலும் கூட்டும்.

காலத்தால் அளக்கப்படும் தொலைவு

தொலைவைக் காலத்தால் கூறும் வழக்கம் தமிழில் பழமையானது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடங்கள் ஆகும். ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தொலைவு நாழிகைவழி எனப்பட்டது. மணிக்கு 5 கி.மீ. நடப்பவருக்கு இது 2 கி.மீ. ஆகும். ஒருவர் கூப்பிட்டால் மற்றவருக்குக் கேட்கும் தொலைவு கூப்பிடு தூரம் எனப்பட்டது. நாழிகைவழி என்னும் அளவில் ஏற்றமும் இறக்கமும் தாமாகவே அடங்கிவிடும் என்பது அதன் சிறப்பு.

வானியலிலும் இம்முறையே பின்பற்றப்படுகிறது. ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு ஓர் ஒளியாண்டு ஆகும். ஒளி நிலவிலிருந்து புவியை அடைய ஏறத்தாழ 1.3 நொடிகளும், கதிரவனிலிருந்து அடைய ஏறத்தாழ 8 நிமிடம் 20 நொடிகளும் ஆகின்றன. கதிரவனுக்கு அடுத்தபடியாக அருகில் உள்ள ஆல்பா செண்ட்டாரி விண்மீன் தொகுதியிலிருந்து ஒளி வந்து சேர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

நிலஅளவையில் தொலைவு

தென்னிந்தியாவில் வான்வழித் தொலைவை முதன்முதலாகத் துல்லியமாக அளந்தவர் வில்லியம் லாம்டன் ஆவார். இவர் 1802 ஆம் ஆண்டு சென்னை பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலிகளால் அளந்தார். பின்னர் குன்றுகளின் உச்சிகளையும் கோபுரங்களையும் நிலையங்களாகக் கொண்டு, கோணங்களை மட்டும் அளந்து முக்கோணங்களின் வலைப்பின்னல் ஒன்றை மேற்குக் கடற்கரை வரை கொண்டு சென்றார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம் என்பதே இம்முறையின் அடிப்படை ஆகும்.

அதற்கு முந்தைய நிலப்படங்கள் பெரிதும் வழிநடைக் கணக்குகளையும் வானியல் நோக்கல்களையும் சார்ந்து வரையப்பட்டவை. அவற்றில் சென்னைக்கும் மங்களூருக்கும் இடையிலான அகலம் ஏறத்தாழ 400 மைல் எனக் கொள்ளப்பட்டிருந்தது. லாம்டனின் அளவையில் அது ஏறத்தாழ 360 மைல் எனத் தெரிந்தது. இப்பணியே பின்னர் இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவையாக விரிவடைந்தது.

இம்முறையில் மலைகள் தடையாக இல்லாமல் துணையாக அமைந்தன. உயர்ந்த முகட்டிலிருந்து நெடுந்தொலைவு பார்க்க இயலும். அளவையாளரின் பார்வைக்கோட்டுக்கு உதவிய அதே முகடுகள் நடந்து செல்பவருக்குத் தடையாக உள்ளன.

காவலூர் வானாய்வகம்

தொலைவு நன்மையாக அமைந்த இடம் காவலூர் ஆகும். விண்மீன்களை நோக்க இருண்ட வானம் தேவை. நகரங்களின் விளக்கொளியும் புகையும் இதற்குத் தடையாகும். இந்திய வானியலாளர் வைணு பாப்பு நகரங்களிலிருந்து விலகி, காடு சூழ்ந்த இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968 ஆம் ஆண்டு 38 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியுடன் இங்கு நோக்கல்கள் தொடங்கின. கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்விடம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் தென்வானின் பெரும் பகுதியையும் இங்கிருந்து காண இயலும்.

இங்கு அமைக்கப்பட்ட 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டில் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. இதனை இந்திய வானியற்பியல் கழகம் நடத்தி வருகிறது. கழகத்தின் தலைமையகம் பெங்களூரில் உள்ளது. ஆகவே வானாய்வகம் சில மணி நேரப் பயணத்தில் சென்றடையக் கூடியதாகவும், நகர ஒளி எட்டாததாகவும் இருக்க வேண்டியிருந்தது. இவ்விரு தேவைகளுக்கும் காவலூர் பொருந்தியது.

மருத்துவமும் பயண நேரமும்

பயண நேரத்தின் விளைவு மருத்துவத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. பாம்புக்கடி, மகப்பேற்றின்போது ஏற்படும் குருதிப்போக்கு ஆகியவற்றில் சிகிச்சை தொடங்கும் வரை கழியும் நேரமே பெரும்பாலும் உயிரைத் தீர்மானிக்கிறது. பாம்புக்கடிக்கான நச்சு முறிமருந்து மருத்துவ நிலையத்திலேயே செலுத்தப்பட வேண்டியது. எனவே நோயாளிக்கும் மருந்துக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்பதை விட எத்தனை நிமிடம் என்பதே முதன்மையானது.

2023 ஆம் ஆண்டு மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தைச் சேர்ந்த அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று, மருத்துவமனையை அடையும் முன்னரே இறந்தது. பிணக்கூறு ஆய்வுக்குப் பின் உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், சாலை இல்லாமையால் மலைக்கு மேலே செல்லவில்லை. தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திப் பல கிலோமீட்டர் நடந்தார். இச்செய்தி நாடெங்கும் பரவி, மலை ஊர்களின் சாலை இன்மையைப் பொதுவிவாதத்துக்குக் கொண்டு வந்தது. நிலப்படத்தில் அல்லேரிக்கும் வேலூர் நகருக்கும் இடையே உள்ள தொலைவு பெரிதன்று.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மலைப்பகுதிகளின் பயண நேரத்தைக் கருதி, பேறுகாலம் நெருங்கும் பெண்கள் முன்னதாகவே வந்து தங்குவதற்கான காத்திருப்பு அறைகள் பழங்குடிப் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் அமைக்கப்பட்டன. பயணத்தை விரைவுபடுத்த இயலாதபோது அதனை முன்கூட்டியே செய்துவிடுவதே இவ்வறைகளின் நோக்கம் ஆகும்.

அரசு நெறிகளில் தொலைவு

அரசுத் திட்டங்கள் பலவற்றில் தொலைவு ஒரு தகுதி அளவாக உள்ளது. அவற்றுள் சில மலைப்பகுதியின் வேறுபாட்டை ஏற்றுக்கொள்கின்றன.

- சாலை: 2000 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்புகளும் மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் வாழும் குடியிருப்புகளும் சாலை பெறத் தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்டன. சாலையிலிருந்து உள்ள இடைவெளி சமவெளியில் 500 மீட்டர் என்றும், மலைப்பகுதியில் பாதை வழியாக 1.5 கி.மீ. என்றும் வரையறுக்கப்பட்டது. மலையில் பாதைத் தொலைவே உண்மையான தொலைவு என்பதை இந்நெறி ஏற்கிறது. 250 பேருக்கும் குறைவாக வாழும் சிற்றூர்கள் இவ்வளவுக்குள் வருவதில்லை.
- மருத்துவம்: ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று சமவெளியில் 30,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000 பேருக்கும் ஒன்று என்பது நெறி. துணை சுகாதார நிலையத்துக்கு இவ்வெண்கள் முறையே 5,000, 3,000 ஆகும். இவை மக்கள்தொகையைச் சார்ந்தவை. மக்கள் சிதறி வாழும் மலையில் 3,000 பேர் பல முகடுகளில் பரவியிருக்கக் கூடும்.
- காடு: காப்புக்காடுகளின் வழியே சாலை அமைக்க 1980 ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவண் அரசின் ஒப்புதல் தேவை. எனினும் 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபையின் பரிந்துரையுடன், ஒவ்வொரு பணிக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான நிலத்தைச் சாலை முதலிய வசதிகளுக்குப் பயன்படுத்த இடமளிக்கிறது. எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. 3 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு ஒரு எக்டேர் என்பது ஏறத்தாழ 3.3 கி.மீ. நீளம் ஆகும். வான்வழியில் குறைவாகத் தோன்றும் இடைவெளியும் சரிவு காரணமாக நீளும்போது இவ்வெல்லையைத் தாண்டிவிடுகிறது.

ஒப்பீடு

நான்கு மணி நேரத்தில் கடக்கக் கூடிய தொலைவு பயணம் செய்யும் முறையைப் பொறுத்து எவ்வாறு மாறுகிறது என்பதைக் கீழ்க்காணும் ஒப்பீடு காட்டும்.

- விமானம்: ஏறத்தாழ 2,900 கி.மீ. (சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை)
- மணிக்கு 50 கி.மீ. செல்லும் ஊர்தி, சமவெளிச் சாலை: 200 கி.மீ.
- மணிக்கு 25 கி.மீ. செல்லும் பேருந்து, மலைச்சாலை: 100 கி.மீ.
- நடை, சமவெளி: 20 கி.மீ.
- நடை, 600 மீட்டர் ஏற்றமுள்ள மலைப்பாதை: 15 கி.மீ.

சாலைவழி 15 கி.மீ. என்பது நகரத்தில் வாழ்பவருக்கு அண்மையான இடம். சாலையற்ற மலை ஊரில் வாழ்பவருக்கு அது, நேரத்தால் அளந்தால், சென்னைக்குச் சிங்கப்பூர் உள்ள தொலைவாகும்.

இவற்றையும் பார்க்க

- ஜவ்வாது மலை
- ஜமுனாமரத்தூர்
- வைணு பாப்பு வானாய்வகம்
- பெருவட்டம்
- இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை
- கிழக்குத் தொடர்ச்சி மலைகள்